கல்லுக்கு அஞ்சாத கண்ணாடி

ஒமான்
ஆகஸ்ட் 1999

அன்புள்ள எப்சி,

கர்த்தர் கிருபையால் நான் சுகம். உன் முதுகுவலி தேவலையா? ஷூ கம்பெனியில் ஓவர்டைம் பார்க்காதே.

எங்கள் பாலைவன ஜீப்புக்கு, கல் பட்டாலும் கீறல் விழாது என்று சொல்லி உசத்தியான முன்கண்ணாடி போட்டார்கள். அந்தத் தைரியத்தில் சூப்பர்வைசர் நவநீதன், ஜல்லி லாரியை ஒட்டியே என்னை ஓட்டச் சொன்னார். கல் தெறித்தால் கண்ணாடி அதிராமலிருக்க, நம்மூர் வழக்கப்படி உள்ளங்கையால் அழுத்திக்கொண்டேன்.

"இன்னா மோசஸ், இந்தக் கண்ணாடிக்குப் போய் கைய வெச்சிக்கினு? எடுய்யா!" என்று சிரித்தார், அவரும் நம் பக்கத்து ஜோலார்பேட்டைக்காரர்தான். எடுத்தேன். அடுத்த கல்லிலேயே குறுக்கே விரிசல்! எனக்கு ஒன்றுமில்லை, பயப்படாதே.

ஆனால் நான் அழுத்தியதால்தான் விரிசல் விட்டதாம்! நவநீதன் முதலாளியிடம் அப்படியே சொல்லிவிட்டார். வயிறு எரிகிறது எப்சி. இடைவெளி விட்டு ஓட்ட விட்டிருந்தால் பழைய கண்ணாடியே போதுமே! மண்பாதையில் ஒட்டிப் போனால் எந்தக் கண்ணாடி தாங்கும்?

யாராவது இங்கே வந்தால், உன் கம்பெனியில் கழித்துப்போடும் தோலில் கையுறை தைத்துக் கொடுத்தனுப்பு. வெயிலில் கண்ணாடி சுடுகிறது. வெளியே ஜீப்பில் ஹாரன் அடிக்கிறார்கள், முடிக்கிறேன்.

நம்மூர் நாயக்கனேரி மலைப்பாதையில் நான் ஓட்டும்போது, பக்கத்தில் உட்கார்ந்து உன் பக்கத்துக் கண்ணாடியை நீ அழுத்திக்கொள்வாய். இங்கே அந்தப் பக்கம் என் கை எட்டவில்லை.

உன்
மோசஸ்