ஒரு நீண்ட விசில்

அன்புள்ள அம்மாவுக்கு,

உன் மூத்தவள் எழுதுகிறேன். அப்பா, தங்கச்சி, நான் எல்லோரும் நன்றாக இருக்கிறோம். நீ வேலை பார்க்கும் வீட்டில் மாடிப்படி அதிகம் என்றாயே, முழங்கால் வலி இப்போது எப்படி இருக்கிறது? போனிலேயே கேட்கலாமே என்பாய். உன் குரலைக் கேட்டாலே எனக்குப் பேச்சு வருவதில்லை. போனைத் தங்கச்சி கையில் திணித்துவிட்டு ஓடிவிடுகிறேன். அதனால்தான் கடிதம்.

போன வாரம் நீ அப்பாவிடம் சொன்னது எனக்கும் கேட்டது. "பத்தாவதுகூட முடிக்காத பொண்ணுக்கு ஃபயர் ஸ்டேஷன்ல என்ன வேலை? மாசக் கடைசியோட நிறுத்திட்டு சித்தி வீட்டுக்கு அனுப்புங்க, தையலாவது கத்துக்கட்டும்" என்றாய். சித்தியிடம் பேசுவதற்கு முன் இதைப் படித்துவிடு அம்மா.

என் வேலை என்னவென்று உனக்குச் சரியாகத் தெரியாது. நம் ஊரும் ஆற்றுக்கு அக்கரை ஊரும் இந்த வருடம் ஓர் ஒப்பந்தம் போட்டிருக்கின்றன. முன்பெல்லாம் பாலத்தில் ஒரு லாரி எரிந்தால்கூட, அது யார் பாதியில் நிற்கிறது என்றுதான் முதலில் பார்ப்பார்கள். இப்போது எந்தக் கரையில் தீ என்றாலும் இரண்டு ஊர் வண்டியும் கிளம்ப வேண்டும். ஓஸ் பைப்புகளைத் தொங்கவிட்டுக் காயவைக்கும் உயரமான கோபுரம் நம் நிலையத்தில்தான் இருக்கிறது. அதனால் அவர்கள் பைப்புகளும் இங்கேதான் வரும் என்று ஒப்பந்தத்தில் ஒரு வரி. அந்த வரியால்தான் எனக்கு வேலை. சேறு போகத் தேய்த்து, ஓட்டை பார்த்து, கயிற்றில் கட்டி மேலே ஏற்றுவேன். யாரிடமும் பேச வேண்டியதில்லை. வகுப்பில் எழுந்து நின்று பதில் சொல்லப் பயந்து பள்ளியை விட்டவளுக்கு இதைவிட என்ன வேண்டும்? நம் பம்ப் ஓட்டுகிற அண்ணன் எனக்கு 'மியூட்டு' என்றே பெயர் வைத்துவிட்டார்.

செவ்வாய்க்கிழமை காலையில் ஆற்றங்கரையில் இரண்டு ஊருக்கும் முதல் ஒத்திகை. நம் ஆட்கள் முன்னால் பைப்பைப் பிடிக்க, அக்கரை வண்டி பின்னாலிருந்து தண்ணீர் தர வேண்டும். பம்ப் சத்தத்தில் பேச்சு கேட்காது, எல்லாம் விசில்தான். நம் அதிகாரி தண்ணீர் கேட்டு நீளமாக ஒன்று ஊதினார். வரவில்லை. கன்னம் உப்ப இன்னொன்று ஊதினார். சொட்டுக்கூட இல்லை. வெறுத்துப்போய், நிறுத்து என்பதற்குக் குட்டையாக இரண்டு ஊதிவிட்டு, என்ன அடைப்பு என்று பைப்பின் முனையைக் குனிந்து பார்த்தார். பீய்ச்சி அடித்தது பார், தொப்பி ஆற்றில் போய் விழுந்தது!

"வேணும்னே பண்றாங்க" என்று நம்மவர் குதித்தார். "ஊதத் தெரியாதவருக்கு எதுக்கய்யா விசில்?" என்றார் அக்கரை அதிகாரி. "ஒப்பந்தமும் வேணாம், ஒரு மண்ணும் வேணாம். உங்க பைப்பை அள்ளிட்டுப் போங்க" என்று நம்மவர் கத்தினார். பைப் போனால் நானும் சித்தி வீட்டுக்குப் போக வேண்டியதுதான்.

எனக்கு விஷயம் தெரியும் அம்மா. அக்கரைக்காரர்கள் பைப் கொண்டுவரும்போது கோபுரத்தின் பின்பக்கம் தங்கள் பம்பை ஓட்டிப் பார்ப்பார்கள். அவர்களுக்கு நீளமாக ஒன்று என்றால் நிறுத்து, குட்டையாக இரண்டு என்றால் தண்ணீர் விடு. நமக்கு நேர் தலைகீழ். இரண்டையும் தினம் கேட்பவள் நான் ஒருத்திதான். பெரியவர்கள் முன்பே பேசிவைத்திருப்பார்கள் என்று சும்மா இருந்துவிட்டேன். என் தப்புதான்.

சொல்ல வாயைத் திறந்தேன். காற்றுதான் வந்தது. தண்ணீர் அடித்ததில் கயிறு அறுந்து விழுந்த நம் அதிகாரியின் விசில் என் காலடியில் கிடந்தது. எடுத்துத் துடைத்து நீளமாக ஒன்று ஊதினேன். நம் பம்ப் அண்ணனின் கை தானாகப் போய் வால்வைத் திறந்தது, அவர்கள் ஆள் தன் வால்வை மூடினார். குட்டையாக இரண்டு ஊதினேன். இவர் மூடினார், அவர் திறந்தார். இந்தத் தடவை பைப் முனைக்கு நேரே நின்று நனைந்தது அக்கரை அதிகாரி.

பம்ப் அண்ணன், "அடிப்பாவி மியூட்டு!" என்று சிரிக்க ஆரம்பித்தார். அதோடு எல்லோரும் சிரித்துவிட்டார்கள். ஈரம் சொட்டச் சொட்ட இரண்டு அதிகாரிகளும் நான் பைப் கழுவும் மேடையில் உட்கார்ந்து பேசினார்கள். நீளமாக ஒன்று என்றால் தண்ணீர் வரட்டும், நிறுத்தாதே. நிறுத்துவதற்குப் புதிதாகக் குட்டை மூன்று. அதை இரண்டு பலகையில் எழுதும் வேலையை எனக்குக் கொடுத்தார்கள். அக்கரையிலும் என் கையெழுத்துத்தான் தொங்குகிறது.

சனிக்கிழமை மதியம் அக்கரை மர அறுவைமில்லில் தீ. நம் வண்டியும் போனது. நான் கோபுரத்தடியில் நின்று காதைத் தீட்டிக்கொண்டிருந்தேன். ஆற்றைத் தாண்டி நீளமாக ஒன்று கேட்டது. எத்தனையோ நேரம் கழித்துக் குட்டையாக மூன்று. யாருக்கும் ஒன்றும் ஆகவில்லை. கரி அப்பிய பதினெட்டு பைப் வந்தது, இரண்டு நாள் தேய்த்தேன். ஒப்பந்தம் ஐந்து வருடத்துக்கு என்று அதிகாரி சொன்னார். "வாயைத் திறக்காட்டி பரவாயில்ல, கண்ணையும் காதையும் திறந்து வெச்சிருக்கே. நீ இரும்மா" என்றார்.

நானும் இருக்கிறேனே அம்மா. தையல் எங்கேயும் போய்விடாது.

ஞாயிற்றுக்கிழமை நீ கூப்பிடும்போது போனை நான்தான் எடுப்பேன். பேச்சு வராவிட்டால் நீளமாக ஒரு விசில் கேட்கும். வைத்துவிடாதே, பேசிக்கொண்டே இரு.

முழங்காலுக்கு மருந்து தடவிக்கொள்.

உன் முடிவுக்குக் காத்திருக்கும்,
உன் மூத்த மகள்.