சாம்பல் நிறக் கேரியரும் ஒரு லட்சம் பேரும்

மார்ச் 3, செவ்வாய்

இன்றும் எங்கள் இணையப் பக்கத்தில் நல்ல கூட்டம். சூப்பர், செம்ம, இதயம், கைதட்டல். குழந்தைப் பொருளுக்கு இவ்வளவு ஆரவாரம் செய்பவர்களில் ஒருத்தருக்கும் குழந்தை இருப்பதாகத் தெரியவில்லை. பாதிப் பேருக்கு முகமே இல்லை. விலைக்கு வந்தவர்கள் இவ்வளவு மரியாதைக்காரர்கள் என்று முன்பே தெரிந்திருந்தால், நிஜ மனிதர்களோடு இத்தனை நாள் மல்லுக்கட்டியிருக்க மாட்டேன்.

அக்கா தைத்து விற்பது பேபி கேரியர். குழந்தையை மார்போடு சேர்த்துக் கட்டிக்கொண்டு நடக்கும் பை. பக்கத்தைக் கவனிப்பது நான். போன வருடம் பெரிய கடையின் கொள்முதல் அதிகாரி, போனில் எங்கள் பக்கத்தைத் தள்ளித் தள்ளிப் பார்த்துவிட்டு, "நாலாயிரம் பேர்தானா? இதை நம்பி எந்த ஷெல்ஃப்ல வைக்கிறது?" என்று கேட்டார். அக்கா முகம் சுண்டிப்போனது. அந்த வாரமே ஒரு லைக்கு வியாபாரியைப் பிடித்தேன். நாலாயிரம், லட்சமானது. பாராட்டு வாசகங்களை எழுதிக் கொடுப்பது நான். அம்மாக்களின் பெயரில் போடுவது அவர். கடை ஆர்டர் கொடுத்துவிட்டது. "எல்லாரும் பண்றதுதானே" என்றாள் அக்கா. என் முகத்தைப் பார்த்துச் சொல்லவில்லை.

மார்ச் 6, வெள்ளி

புது சாம்பல் நிற கேரியரின் படத்துக்குக் கீழே ஒருத்தி வந்து நிற்கிறாள். பட்டையைப் பூட்டும் பக்கிள் விரிசல் விட்டிருப்பதைப் படம் எடுத்துப் போட்டு, "என் பொண்ணு விழ இருந்தா, கையில புடிச்சுட்டேன். யாரும் வாங்காதீங்க" என்று எழுதியிருக்கிறாள்.

கணக்கைத் திறந்து பார்த்தேன். முகத்துக்குப் பதில் சூரிய உதயம். பதிவுகள் விரல்விட்டு எண்ணலாம். பின்தொடர்பவர்கள் கிட்டத்தட்ட இல்லை. போலிக்கு உள்ள அத்தனை லட்சணமும் இருந்தது. நம்மைப் போலவே போட்டிக் கம்பெனியும் ஆள் வைத்திருக்கிறது. எனக்கே காது குத்தப் பார்க்கிறார்கள்! அழித்தேன். உடனே இன்னொரு பதிவில் வந்து, "ஏன் அழிச்சீங்க? நான் பொய் சொல்லல" என்றாள். "எவ்வளவு வாங்குனீங்க இதுக்கு?" என்று பதில் போட்டுவிட்டு பிளாக் செய்தேன்.

"ஏதாவது கம்ப்ளெயின்ட் வந்துச்சாடி?" என்று சாப்பிடும்போது அக்கா கேட்டாள்.

"ஒண்ணுமில்லக்கா."

மார்ச் 9, திங்கள்

எழுதக் கை வரவில்லை.

பக்கத்துத் தெருக் கடையிலிருந்து ஒரு சாம்பல் நிற கேரியர் திரும்பி வந்தது. தையல் மாஸ்டர் பக்கிளைத் திருப்பி அக்காவிடம் காட்டினார். விரிசல். படத்தில் பார்த்த அதே இடம்.

அக்கா ஒரு மூட்டையில் மணலை நிரப்பி, குழந்தை கனத்துக்குக் கட்டி, புதிய ஒன்றில் வைத்து வெயிலில் தொங்கவிட்டாள். நாங்கள் மூன்று பேரும் நின்று பார்த்துக்கொண்டிருந்தோம். மதியம் 'டக்' என்றது. மணல் மூட்டை தரையில் கிடந்தது. இன்னொன்றை மாட்டினாள். அதுவும் விழுந்தது.

சாமான் வாங்கிப் போடும் மாமா, அக்காவின் கணவர், தலையில் கை வைத்துக்கொண்டு சொன்னார்: பெரிய கடை ஆர்டருக்கு வழக்கமான பக்கிள்காரரால் கொடுத்து முடியவில்லை, வேறு இடத்தில் எடுத்தேன். சாம்பல் நிறம் முழுக்க அந்தப் பக்கிள்தான். நான் லட்சம் பேரைக் காட்டி வாங்கிய ஆர்டர். அக்கா தரையிலேயே உட்கார்ந்துவிட்டாள்.

சூரியன் படக்காரி நிஜம். குழந்தையைக் கையில் பிடித்தவள் நிஜம். அவளைப் போய் எவ்வளவு வாங்கினாய் என்று கேட்டிருக்கிறேனே. ஐயோ.

மார்ச் 10, செவ்வாய்

காலை முழுக்க போன். கடைகளில் மிச்சம் இருந்ததை எடுத்துவிட்டார்கள். நேரடியாக எங்களிடம் வாங்கியவர்களை அக்காவே கூப்பிட்டுச் சொல்லிவிட்டாள். கடையில் வாங்கியவர்கள்? கொள்முதல் அதிகாரியிடம் கேட்டேன்.

"கேஷ் கொடுத்து வாங்கிட்டுப் போறவங்க பேரு நம்பர் எல்லாம் யாரும்மா வச்சிருக்கா? உங்க பேஜ்ல போட்டுவிடுங்க. லட்சம் பேர் இருக்காங்களே."

போட்டேன். சிவப்புப் பட்டை, பெரிய எழுத்து: சாம்பல் நிறத்தில் குழந்தையை வைக்காதீர்கள், பக்கிள் உடைகிறது, உடனே கழற்றுங்கள்.

சாயங்காலம் பார்த்தால் ஒரு கல்யாணப் பந்தியில் ஒரு வரிசை உட்காரும் அளவுக்குத்தான் ஆட்கள் பார்த்திருக்கிறார்கள். எனக்குத் தெரியும் ஏன் என்று. எந்தப் பதிவையும் தளம் முதலில் கொஞ்சம் பேருக்குக் காட்டும். அவர்கள் நின்று பார்த்தால்தான் மற்றவர்களுக்குப் போகும். எங்களுடையவர்கள் எப்படி நின்று பார்ப்பார்கள்? இருந்தால்தானே! பழைய நாலாயிரம் பேர் இந்தப் பொய்க்கூட்டத்துக்குள் எங்கேயோ அமுங்கிக் கிடக்கிறார்கள். நான்தான் அமுக்கினேன்.

பணம் கட்டி விளம்பரமாகத் தள்ளிப் பார்த்தேன். கணக்கில் சந்தேகத்துக்குரிய நடமாட்டம் என்று தளம் திருப்பி அனுப்பிவிட்டது. சந்தேகப்பட வேண்டிய நேரத்தில் படாமல் இப்போதா?

மார்ச் 11, புதன்

காலையில் எச்சரிக்கைக்குக் கீழே கருத்துகளைப் பார்த்தேன். வரிசையாக அம்மாக்கள்.

"ஆறு மாசமா யூஸ் பண்றேன், ஒரு பிரச்சனையும் இல்ல."

"என் குழந்தை இதுலதான் தூங்கும். ரொம்ப பாதுகாப்பு."

எல்லாம் என் வாசகங்கள். நான் எழுதிக் கொடுத்தவை. புதுப் பதிவு எது வந்தாலும் இவை வந்து விழும், அதுதான் ஒப்பந்தம். அழிக்க அழிக்க விழுகிறது. வியாபாரியைப் பிடித்து, "நிறுத்துங்க, கால்ல விழுறேன்" என்று கத்தினேன்.

"பேக்கேஜ் போட்டா போட்டதுதான் மேடம். சிஸ்டம் தானா போடும். மெஷின் என்ன படிச்சுப் பாத்தா போடுது?" என்றார். மனுஷர் கோபப்படக்கூட இல்லை.

கருத்துகளை அடியோடு மூடினேன். ஆனால் ராத்திரி முழுக்கத் திறந்துதானே கிடந்தது? யார் யார் படிச்சாங்களோ. எதை நம்புனாங்களோ. ஏன் நேத்தே மூடல? யாராவது சந்தேகம் கேப்பாங்கன்னு திறந்து வச்சேன், நல்லதுக்குன்னு திறந்து வச்சேன்.

மார்ச் 12, வியாழன்

தெருவில் குழந்தை அழுதால் எழுந்து ஜன்னலுக்கு ஓடுகிறேன்.

மார்ச் 13, வெள்ளி

இன்றுதான் உறைத்தது. இந்தப் பக்கத்தில் நிஜமான ஆட்கள் எங்கே இருக்கிறார்கள் என்று எனக்குத் தெரியும். நான் பிளாக் செய்து வைத்திருக்கிறேன்! நூல் பிரிகிறது என்றவள், பட்டை உறுத்துகிறது என்றவள், மாற்றித் தரவில்லை என்று திட்டியவன். காசு கொடுத்து வாங்கி, போட்டு நடந்து பார்த்த ஆட்கள்.

ஒவ்வொருவராகத் திறந்துவிட்டுத் தனித்தனியாக எழுதினேன். சிலர் உடனே என்னை பிளாக் செய்தார்கள். செய்யட்டும். சூரியன் படக்காரிக்கு எழுதத்தான் வெகுநேரம் ஆனது. நீங்க சொன்னது உண்மை, நான் உங்களைப் போலின்னு நினைச்சுட்டேன், உங்க படத்தை மறுபடி போட்டு எல்லாருக்கும் சொல்லுங்க, என்னைப் பத்தி என்ன வேணும்னாலும் எழுதுங்க.

பதில் வந்தது: "நான் ஒத்த ஆளா புள்ளைய வச்சுக்கிட்டு அல்லாடுறேன். போட்டோ மாத்தி, பதிவு போட்டு அழகு பாக்க எனக்கு எங்கங்க நேரம்? அதனால நான் போலியா?"

அரை மணி கழித்துப் போட்டுவிட்டாள். என் பழைய பதிலோடு சேர்த்து. காறித் துப்பாத குறை. அதைத்தான் ஜனங்கள் பகிர்கிறார்கள்.

மார்ச் 16, திங்கள்

பைகள் திரும்பி வருகின்றன. கூடவே வசவும் வருகிறது. அக்கா வசவைப் படிப்பதில்லை, பக்கிளை மட்டும் பார்க்கிறாள். நிறைய விரிசல். குழந்தைக்கு அடிபட்டதாக இதுவரை யாரும் சொல்லவில்லை. இதுவரை.

மார்ச் 20, வெள்ளி

பொய்க்கூட்டத்தை எல்லாம் வெட்டிவிட்டேன். நாலாயிரம்கூடத் தேறவில்லை. கடை கையை விரித்துவிட்டது. வந்து சேராத பைகள் இன்னும் எங்கேயோ இருக்கின்றன. "நம்ம பேர் போனா போகுது, அந்தப் பை எல்லாம் எங்கடி?" என்று அக்கா கேட்டாள். எனக்கு அழுகை வந்துவிட்டது.

மார்ச் 28, சனி

பஸ்ஸில் பார்த்தேன்.

உட்கார இடமில்லாமல் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றாள். மார்பில் சாம்பல் நிறம். குழந்தை தூங்கிக்கொண்டிருந்தது. நெருக்கியடித்துக்கொண்டு அவளிடம் போனேன்.

"இந்தக் கேரியர் பக்கிள் உடையுதுங்க. கம்பெனியே சொல்லியிருக்காங்க, பாக்கலையா?"

"பாத்தேங்க. பயந்துதான் போனேன்" என்று சிரித்தாள். "அப்புறம் கீழ படிச்சா, அத்தனை அம்மாங்க ஒண்ணும் ஆகலைன்னு எழுதியிருக்காங்க. ரெட்டைப் புள்ளைக்காரி ஒருத்தி, ரெண்டு பேரையும் இதுலதான் வளத்தேன்னு போட்டிருந்தா. கம்பெனி ஆயிரம் சொல்லும். அம்மாங்க பொய் சொல்லுவாங்களா?"

பிள்ளையே பெறாத நான், டீ ஆறுவதற்குள் எழுதிக் கொடுத்த வரி அது.

நான்தான் கம்பெனி என்றேன். சிரிப்பு போய்விட்டது, கொஞ்சம் விலகி நின்றாள். எழுதியவர்கள் யாரும் அம்மாக்கள் இல்லை, எல்லாம் காசுக்கு என்றேன். "நீங்க போட்டிக் கம்பெனியா?" என்று கேட்டாள். பஸ் திருப்பத்தில் குலுங்கியது. பக்கிளின் ஓரத்தில் வெள்ளையாக ஒரு கோடு தெரிந்தது. குழந்தைக்கு அடியில் கையைக் கொடுத்துத் தாங்கினேன்.

"யாருங்க நீங்க? மொதல்ல கைய எடுங்க."

எடுக்கவில்லை. "அந்த ரெட்டைப் புள்ளைக்காரி நான்தாங்க" என்றேன்.

அவள் முகம் வெளுத்தது. "ஐயோ, உங்க புள்ளைங்களுக்கு என்னங்க ஆச்சு?"

"ஒண்ணு விழுந்துடுச்சு."

குழந்தையை இரண்டு கையாலும் வாரி எடுத்துக்கொண்டாள். பட்டையை நான் கழற்றினேன்.