நோர்வேத் தலைவிக்கு ஒரு நேர்த்தி

பலேர்மோ, இத்தாலி. புதன்கிழமை இரவு.

இன்று நாட்குறிப்பில் எழுத வேண்டியவை:
1. நோர்வேயின் வலதுசாரிக் கட்சித் தலைவி அரசியலை விட்டுப் போய்விட்டார்.
2. அதைக் காட்டி என் மகளைத் தடுத்தேன்.
3. மகள் என் சொல்லைக் கேட்டுவிட்டாள்.

ஒஸ்லோவில் இருக்கும் மகள் அந்தக் கட்சிக்காக நகரசபைத் தேர்தலில் நிற்க இருந்தாள். தலைவியும் நகரசபையில் தொடங்கிப் பிரதமர் வரை போனவர். அவருடைய படத்தை மகள் சாமிப் படங்களுக்குப் பக்கத்தில் வைத்திருக்கிறாள். போன பாராளுமன்றத் தேர்தலில் அவர் வெல்ல வேண்டும் என்று நேர்த்தி வைத்து, இவ்வூர்ப் புனிதை சாந்தா ரொசாலியாவின் கோயில் மலைக்கு வெறுங்காலுடன் ஏறினேன். சைவமோ கிறிஸ்தவ வேதமோ, இங்குள்ள தமிழர் எதற்கும் அங்கேதான் போவோம். அவர் தோற்றார். கட்சித் தலைமையையும் விட்டார்.

ஞாயிறன்று மகளிடம் தொலைபேசியில் சொன்னேன்: "ரொசாலியா அம்மாவே கைவிட்டிட்டா, பிள்ளை. உன்ர தலைவியே அரசியலை விட்டிட்டுப் போயிட்டா. உனக்கேன் இந்த வில்லங்கம்?"

"நீங்கள் மெழுகுதிரி கொளுத்தினாத்தான் நோர்வேக்காரர் வோட்டுப் போடுவினமோ, அப்பா?" என்று சிரித்தாள்.

நான் அழுதுவிட்டேன். அதற்குப் பிறகு அவள் வாதாடவில்லை.

இன்று மாலை தொலைபேசி எடுத்தாள். "வேட்பாளர் பட்டியலில இருந்து என்ர பேரை எடுத்திட்டன். இனி நிம்மதியா நித்திரை கொள்ளுங்கோ." உடனே வைத்துவிட்டாள். சாப்பிட்டீங்களோ என்றுகூடக் கேட்கவில்லை.

எழுதியதைச் சரிபார்ப்பது என் பழக்கம். இப்போது கைபேசியில் ஒஸ்லோச் செய்தியைத் திறந்தேன். இன்றைய பாராளுமன்றம். பின்வரிசையில் அந்தத் தலைவி எழுந்து நின்று ஏதோ கேள்வி கேட்டுக்கொண்டிருக்கிறார்.

மேலே எழுதியதில் முதலாவது பிழை. அவர் எங்கும் போகவில்லை. என் மகள்தான் போய்விட்டாள்.