தம்பியின் ஒயினும் என் நாக்கும்

ஜூலை 10, வியாழன்
விடாத சாரல். மிளகாய் காயவில்லை. அரவை தள்ளிப்போகும்.

மத்தியானம் தம்பி பிரபு வந்தான். கையில் இரண்டு பாட்டில் பிரெஞ்சு சிவப்பு ஒயின். மூன்று வகைத் திராட்சை கலந்ததாம். பெங்களூர் கூட்டாளியோடு சேர்ந்து இறக்குமதி செய்யப்போகிறானாம். அதற்காக ஆனைமலைத் தென்னந்தோப்பில் அவன் பாகத்தை விற்கிறான். இருப்பதே அது ஒன்றுதான் அவனுக்கு.

"மசாலாவுல ஒரு கிராம் சீரகம் கூடுனாலும் கண்டுபுடிச்சுருவீங்க. பாத்துப்போட்டு ஞாயித்துக்கிழமை எல்லார்த்துக்கும் முன்னால சொல்லுங்க்கா. நீங்க வேண்டாம்னா உட்டுப்போடறேன்."

இருபது வருஷ மசாலா கம்பெனி. ஒவ்வொரு அரவையும் என் நாக்கைத் தாண்டித்தான் பாக்கெட்டுக்குப் போகிறது. சரி என்றேன்.

ஜூலை 11
வெள்ளிக்கிழமை, வீட்டில் வேண்டாம். கம்பெனியில். மசாலாவுக்குச் செய்வதுபோலவே: வெள்ளைக் கிண்ணம், ஒரு வாய், துப்பல்.

நிறம் - நன்று. அத்தோடு சரி.
வாசம் - மழையில் நனைந்த சாக்கு.
ருசி - முதலில் புளிப்பு, கடைசியில் மரத்தூள். நடுவில் ஒன்றுமில்லை.

கலவையாம். கலவையில் எதுவும் தனியாகத் தலை நீட்டக் கூடாது. இங்கே மூன்று திராட்சையும் பாகம் பிரித்த பங்காளிகள்போல ஆளுக்கொரு பக்கம். பாட்டில்மேல் அரண்மனைப் படம் வேறு. இதற்குத் தோப்பா? இரண்டாவது பாட்டிலும் அதே லட்சணம்.

பத்துக்கு இரண்டு. நிறத்துக்காக. ஞாயிறன்று பட்டென்று சொல்லிவிட வேண்டும்.

ஜூலை 13, ஞாயிறு
பிரபு வீட்டில் பதினைந்து பேர். அவன் மாமனார் ஐஸ் போட்டுக் குடித்தார். "அருமைங்க மாப்ள." மீதியைக் குரோட்டன்ஸ் தொட்டியில் ஊற்றினார், பார்த்தேன். மில்காரர் ஒருவர் கிளாஸைச் சுற்றிச் சுற்றி மூக்கை விட்டார். "டாப் கிளாஸுங்க." முகம் கஷாயம் குடித்த முகம். நம் ஊர் விருந்தில் விஷமே வைத்தாலும் நன்றாயிருக்கிறது என்பார்கள். கை கழுவி, சொல்லிக்கொண்டு, வெளியே போய்த்தான் சாவார்கள்.

"எங்கக்கா சொல்லட்டுங்க," என்றான் பிரபு.

எல்லோரும் திரும்பினார்கள். புதுச் சட்டை போட்டிருந்தான். சிரித்துக்கொண்டே நின்றான்.

"நல்லா இருக்குதுங்க."

சொன்னது நான். நானேதான்.

"அக்காவே சொல்லிட்டாங்க!" கைதட்டல். பிரியாணி. அந்த மாமனாராவது தொட்டியில் ஊற்றினார். வெட்கமாக இருக்கிறது.

ஜூலை 14, திங்கள்
காற்று. மிளகாய் அரவை முடிந்தது, காரம் சரி. காலையில் இரண்டு தடவை போனை எடுத்தேன், வைத்தேன்.

பதினொன்றுக்கு அவனே கூப்பிட்டான். "ஆடி பொறக்கறதுக்குள்ள தோப்புக் கிரயம் முடிச்சர்றேனுங்க. புதன்கிழமை. சாட்சிக் கையெழுத்து நீங்கதான் போடோணுங்க்கா."

"கண்ணு..."

"சொல்லுங்க்கா."

"எத்தனை மணிக்கு வரோணும்?" என்று கேட்டேன்.