வெயிலில் வைத்த தண்ணீர்

லாஸ்பேட்டை,
வியாழன் மாலை.

அன்புள்ள மேரிக்கு,

ஒரு குழந்தை உயிருக்குப் போராடுவதற்கு நான் காரணமா, இல்லையா? நேற்றிலிருந்து இதே கேள்விதான். எனக்குப் பதில் தெரியவில்லை. போனில் சொன்னால் நீ பாதியிலேயே சமாதானம் சொல்ல ஆரம்பித்துவிடுவாய். எனக்கு இப்போது சமாதானம் வேண்டாம். அதனால்தான் மின்னஞ்சலில் எழுதுகிறேன்.

கனகசெட்டிக்குளம் மீனவர் தெருவில் நான் செய்துவரும் வேலை உனக்குத் தெரியும். தெருப் பம்புத் தண்ணீரை நிறமில்லாத பிளாஸ்டிக் பாட்டில்களில் பிடித்து, காலையிலிருந்து சாயங்காலம் வரை கூரைமேல் வெயிலில் படுக்க வைப்பது. வெயிலில் இருக்கும் புற ஊதாக் கதிர் கிருமிகளைக் கொன்றுவிடும். அடுப்பு வேண்டாம், மருந்து வேண்டாம். தண்ணீருக்குள் வெயில் என்ன செய்கிறது என்று நாம் இருவரும் ஆராய்ச்சி செய்தபோது, தண்ணியக் காயப்போட்டு டாக்டர் பட்டம் வாங்கப் போறீங்களாடி என்று விடுதியில் கேலி செய்வார்களே. நீ பிரெஞ்சுப் பட்டாளத்தில் இருந்த சொல்தா வீட்டு மருமகளாகி பிரான்சுக்குப் போய்விட்டாய். நான் அதையே பிடித்துக்கொண்டிருந்தேன். கட்டுரைகள் எழுதினேன். எழுதுகிறவர்களே ஒருவர் எழுதியதை ஒருவர் படித்துக்கொண்டோம். அந்தத் தெருவில்தான் முதல்முறையாக என் வேலையை யாரோ குடித்தார்கள். பெண்கள் எனக்கு வெயில் டீச்சர் என்று பெயர் வைத்தார்கள். அந்தப் பெயர் எனக்குப் பிடித்திருந்தது, உன்னிடம்கூடச் சொன்னதில்லை.

அந்தத் தெருவில் முதலில் பாட்டில் வைத்தவள் தீபலட்சுமி. அவள் கணவன் ராஜ்கமல் கடலுக்குப் போகிறவன். அவர்களுக்கு மேனகா என்று ஒரு பெண் குழந்தை, இன்னும் ஒரு வயது ஆகவில்லை. இப்போதுதான் சாதம் மசித்துக் கொடுத்து, கூடவே தண்ணீரும் புகட்டுகிறார்கள். செவ்வாய்க்கிழமை வயிற்றுப்போக்கும் வாந்தியும் தொடங்கி, நேற்று ஆஸ்பத்திரியில் சேர்த்தார்கள். நான் போய்ப் பார்த்தபோது கண்கள் உள்ளே போயிருந்தன. கையில் நரம்பு கிடைக்காமல் காலில் சலைன் ஏற்றியிருந்தார்கள். இன்று காலையிலிருந்து சிறுநீர் போகவில்லையாம். நாளைக்குள் போகாவிட்டால் சிறுநீரகத்தை நினைத்துத்தான் பயம் என்று டாக்டர் போனில் சொன்னார். நேற்று நான் அங்கே இருந்தபோது, என்ன தண்ணீர் கொடுத்தீர்கள் என்று அவர் கேட்டதற்கு, டீச்சர் தண்ணிதான் சார், வேற எதுவும் குடுக்கல என்று தீபலட்சுமி என்னைக் காட்டினாள்.

ராஜ்கமல் என்னை வராந்தாவுக்குக் கூப்பிட்டான். எங்க வீட்ல சுட வெச்சித்தான் குடுத்துனு இருந்தோம், நீங்கதான் அடுப்பு வாணாம்னீங்க, பெரிய படிப்பு படிச்சவங்கன்னு நம்புனோம்மா என்றான். சத்தம் போடவில்லை. போட்டிருந்தால் தாங்கியிருப்பேன்.

அங்கிருந்து நேராகத் தெருவுக்குப் போனேன். எல்லோரும் பாட்டில்களை இறக்கிவிட்டிருந்தார்கள். ஒருத்தி தன் பிள்ளையை இடுப்பில் இழுத்து வைத்துக்கொண்டு, உங்க வெயில நீங்களே வெச்சிக்குங்க டீச்சர் என்றாள். மற்றவர்கள் சிரித்தார்கள். தீபலட்சுமி வீடு பூட்டிக் கிடந்ததால் அங்கே மட்டும் பாட்டில்கள் கூரைமேலேயே இருந்தன. ஏணி வைத்து ஏறிப் பார்த்தேன்.

பாட்டில்களின் மேல் ஒரு பழைய மீன் வலை, பல மடிப்பாக மடித்துப் போர்த்தியிருந்தது. நான்கு மூலையிலும் செங்கல்லோடு சேர்த்து இறுக்கிக் கட்டியிருந்தார்கள். கடல் காற்றுக்குப் பாட்டில்கள் தகரத்தில் உருண்டு விழுந்துவிடுகின்றன, அதனால் போன வாரம் கடலுக்குப் போவதற்கு முன் ராஜ்கமல்தான் கட்டிவிட்டுப் போனான் என்று பக்கத்து வீட்டுக்காரி சொன்னாள். அந்த முடிச்சை அவிழ்க்க என்னால் முடியவில்லை. அவள்தான் ஏறி வந்து அவிழ்த்தாள். வலைக்கு அடியில் நல்ல நிழல். தண்ணீர் வெதுவெதுப்பாக இருந்தது. கிருமி வளர அதைவிட நல்ல இடம் கிடையாது.

முதலில் எனக்கு வந்தது நிம்மதி, மேரி. அந்த நிம்மதியைக் கண்டுதான் பயந்துபோனேன். எனக்குச் சாதகமான விடை என்பதற்காகவே அதை நம்ப மாட்டேன். அந்த வலையையும் அதே பம்புத் தண்ணீரையும் எடுத்துவந்து, இன்று பகல் முழுவதும் கல்லூரி மொட்டைமாடியில் ஒரு பாட்டிலை வலைக்கு அடியிலும் ஒன்றை வெறுமனேயும் வைத்தேன். சாயங்காலம் இரண்டிலிருந்தும் எடுத்துத் தட்டுகளில் இட்டு, கிருமி வளர்கிறதா என்று பார்க்கச் சூட்டுப் பெட்டியில் வைத்திருக்கிறேன். காலையில் தெரியும். வலை காரணமில்லை என்றால் இத்தனை வருட வேலையும் பொய். வலைதான் என்றால் அந்தத் தகப்பனிடம் எந்த வாயால் சொல்வேன்? இத்தனை வருடம் நான் சோதித்துப் பார்த்த எங்கள் கல்லூரி மாடியைச் சுற்றிலும் இடுப்பளவு சுவர். காற்று என்று ஒன்று இருப்பதையே நான் யோசித்ததில்லை.

நான் எதையும் நம்புகிறவள் இல்லை என்பது உனக்குத் தெரியும். அதனால் உன்னிடம் கேட்கிறேன். ஞாயிற்றுக்கிழமை வரை காத்திருக்காதே. இதைப் படித்ததும் உன் ஊர்க் கோயிலுக்குப் போய் ஒரு மெழுகுவர்த்தி ஏற்று. மேனகா என்று பெயர் சொல்லி ஏற்று. என் பெயரை அங்கே சொல்ல வேண்டாம். எனக்குப் பதில் எழுத முடியாவிட்டாலும் பரவாயில்லை, இதை மட்டும் செய்.

உன்
கார்குழலி


வெள்ளி.

நேற்று இதை அனுப்பவில்லை. நடந்ததையும் எழுதிவிடுகிறேன்.

காலையில் தட்டுகளைப் பார்த்தேன். வெறுமனே வைத்த தண்ணீரில் ஒன்றும் வளரவில்லை. வலைக்கு அடியில் இருந்ததில் எண்ண முடியாத அளவுக்கு இளஞ்சிவப்புப் புள்ளிகள். இரண்டு தட்டுகள் எதையும் நிரூபிப்பதில்லை என்று என் மாணவர்களுக்குச் சொல்வேன். ஆனாலும் நம்பினேன்.

ஆஸ்பத்திரிக்குப் போனபோது மேனகா சிறுநீர் கழித்திருந்தாள். இன்னும் இரண்டு நாள் பார்க்க வேண்டும் என்றார்கள். ராஜ்கமல் என்னைப் பார்த்ததும், தண்ணியா டீச்சர் என்றான். தண்ணீர்தான் என்றேன். வலை வெயிலை மறைத்துவிட்டது, காற்றுக்கு என்ன செய்வது என்று நான் உங்களுக்குச் சொல்லித் தரவில்லை, தப்பு என்னுடையது என்றேன். அவன் முதல் பாதியை மட்டும்தான் கேட்டான். நான் போட்ட வலையா என்றான். ஆமாம் என்றேன். வராந்தாக் கோடிக்குப் போய்ச் சுவரைப் பார்த்து நின்றுகொண்டான்.

வீட்டுக்குப் போனா பாப்பாவுக்கு என்ன தண்ணி குடுக்கட்டும் என்று தீபலட்சுமி கேட்டாள். கொதிக்க வைத்துக் கொடு என்றேன்.

சரி டீச்சர் என்றாள்.