எடுக்க வராத நீலச் சட்டை

மச்சான்,

இன்று காலை புது மெஷின், கழுவி வந்த ஒரு நீலச் சட்டையை ஓரக் கூடைக்குள் தள்ளிவிட்டது. எங்கள் லோன்றிக்கு வரும் உடுப்பின் கொலரில் இப்போது சின்னதாக ஒரு சிப் தைக்கிறோம். மெஷின் அதைப் படித்து, இது கல்குடா ஹோட்டல், இது ஆஸ்பத்திரி என்று தானே பிரித்துவிடும். சிப் இல்லாதது அதற்கு ஆளில்லாத உடுப்பு. "இது ஆர்ர ஐயா?" என்று மெஷின் பார்க்கிற பிள்ளை கேட்டாள். நான் எடுத்து மடித்தேன். நீ கண்ணை மூடினபிறகு அதைக் கழுவப் போடுகிறவன் நான்தான்.

நாட்டில் சண்டை நடந்த நாட்களில் பிரிக்கிற மெஷின் நீதானே. கொலரின் உள்ளே மையால் குறி போடுவாய். அதே குறியைக் கடுதாசித் துண்டில் எழுதி ஆளிடம் கொடுப்பாய். துண்டு வராமல் உன் கையிலிருந்து உடுப்பு போகாது. "ஆமி வந்து கேட்டாலும் துண்டு கேப்பாய்டா நீ" என்று நக்கலடிப்பேன்.

மண்டூர்க்காரர் ஒருவர் அந்த நீலச் சட்டையைக் கழுவத் தந்துவிட்டுப் போனார். அன்றே சுற்றிவளைப்பில் ஆமி அவரைப் பிடித்துக்கொண்டு போய்விட்டது. துண்டும் அவரோடு போயிற்று. பிறகு அவருடைய மனைவி தோணித்துறை கடந்து, ஆமியின் காவல் சென்றிகள் கடந்து வந்து நின்றாள். சட்டை அப்போதும் கழுவாமல் ஊத்தை மூட்டைக்குள்தான் கிடந்தது.

"அவர்ர சட்டையை எடுக்க வந்தநான், அண்ணன்."

"துண்டு?"

"அவரிட்ட."

"அப்ப அவர்தானே புள்ள வரணும்."

"குடுத்துத் துலையன்டா" என்று நான் உன் காதுக்குள் சொன்னேன். நீ அசையவில்லை. அவள் அழப்போகிறாள் என்று நினைத்தேன். ஆனால் அவள் முகம் தெளிந்தது. "ஓம், அவர்தான் வரணும்" என்று வெறுங்கையோடு போனாள். சட்டை கையில் வந்தால் ஆள் வரமாட்டார் என்றாகிவிடும். அது உனக்கு விளங்கியது, எனக்குப் பிறகுதான்.

அதன்பின் மாதாமாதம் வந்தாள். நீயும் மாதாமாதம் சவுக்காரம் போட்டுக் கழுவி, கஞ்சி போட்டு வைத்தாய். இடத்தை அடைத்துக்கொண்டு கிடக்கிறது என்று நான் புறுபுறுத்தால், "நாளைக்கு அந்தாள் வந்து நிண்டா ஊத்தைச் சட்டையையா குடுக்கிற?" என்பாய். சண்டை முடிந்தும் அவர் வரவில்லை. அவளுக்குத் தலை நரைத்தது.

இன்று பின்னேரம் வந்தாள். கால் நோவால் இத்தனை நாள் வர முடியவில்லையாம். உன் செய்தியைச் சொன்னேன்.

"அந்த அண்ணனும் போயிட்டார். இனி ஆரிட்டப் போய்க் கேக்கிற? தாங்க."

கொடுத்தேன். கொலரை முகத்தில் வைத்து மணந்து பார்த்தாள்.

"சவுக்காரம்தான் மணக்குது" என்றாள்.

பஸ் ஏற்றிவிட்டு வந்து இதை எழுதுகிறேன். அன்று மூட்டையிலிருந்து எடுத்துக் கொடுத்திருந்தால் அவருடைய மணமாவது அவளுக்கு மிஞ்சியிருக்கும். கொடுத்திருந்தால் இத்தனை வருஷம் காத்திருக்க அவளுக்கு ஒன்றும் இருந்திருக்காது. நான் சொன்னதும் சரி மச்சான், நீ செய்ததும் சரி. நீ போய்ப் படுத்துவிட்டாய். இரண்டையும் சுமக்க நான் ஒருவன்தான் மிச்சம்.