கடைசியாக வளர்ந்த பகுதி

மத்திகிரியில் அவரைக்காய் வர ஆரம்பித்துவிட்டது. பனிக்காலத்து அவரைக்கு எண்ணெய் கசிவது போல ஒரு வாசனை உண்டே, அது இன்று காலை காய்கறிக் கடை முன்னால் என்னை நிறுத்திவிட்டது. நான் வாங்கவில்லை. கொட்டையை உரித்து ஊறவைத்துத் தோல் பிதுக்க எனக்குத் தெம்பு இல்லை.

அப்படிப் பிதுக்கிக்கொண்டிருந்த ஒரு ஞாயிற்றுக்கிழமைதான் நீ குரங்குகளைப் பற்றிச் சொன்னாய். பள்ளியில் விலங்கியல் நடத்துகிறவள் நீ. ஞாயிறானாலும் பாடம் ஓயாது. "சிம்பன்சிக்கும் வயசானா மூளை சுருங்குதுங்க. ஆனா நமக்கு முன்பக்கம் இன்னும் அதிகமா சுருங்குது. மனுஷனுக்குன்னு கடைசியா வளர்ந்த பகுதி எதுவோ, அதுதான் முதல்ல போகுது" என்றாய்.

"அப்ப குரங்காவே இருந்திருக்கலாமே" என்றேன்.

"இருந்திருந்தா இந்தக் குழம்ப யாரு வெப்பாங்க?" என்று சிரித்தாய்.

அதற்கடுத்த வருஷம், கரும்பலகையில் மூளைப் படம் வரைந்துவிட்டு, ஒரு பகுதியின் பெயர் வராமல் நின்றிருக்கிறாய். வீட்டுக்கு வந்து நீயேதான் சொன்னாய். "பிள்ளைங்க எடுத்துக் குடுத்தாங்க. எனக்கு வரவே இல்லை." அதைச் சொல்லும்போது உன் முகத்தில் பயம் இல்லை. எங்கோ படித்த ஒன்றை நேரில் பார்ப்பவள் போல இருந்தாய். பெங்களூரில் ஸ்கேன் எடுத்துவிட்டுத் திரும்பும்போது, பஸ் அத்திப்பள்ளி நெரிசலில் நகராமல் நின்றது. என் தோளில் சாய்ந்து, "முன்பக்கம்தான்" என்றாய்.

பிறகு நான் ஃபேக்டரி வேலையை விட்டேன். உன்னைக் குளிப்பாட்ட, ஊட்ட, கதவைப் பூட்டிச் சாவியை மறைத்துவைக்க ஓர் ஆள் வேண்டியிருந்தது. முதலில் தமிழ் போனது. உத்தனப்பள்ளியில் உன் அம்மாவிடம் பேசி வளர்ந்த தெலுங்கு மட்டும் தங்கிவிட்டது. திருநெல்வேலிக்காரன் நான், கல்யாணமாகி இத்தனை வருஷத்துக்குப் பிறகு அக்கம்பக்கத்தில் கேட்டுக்கேட்டு அந்த மொழியைக் கற்றேன். சில நாள் தமிழ் தானாகத் திரும்பி வரும். நான் களைத்துப்போனேன். உன்னிடம் மறைக்க என்ன இருக்கிறது, சில நாள் உன்னருகே உட்கார்ந்தபடியே தூங்கியிருக்கிறேன்.

மலைக்கோயிலுக்கு உன்னை ஆட்டோவில் கூட்டிப்போனது அப்படித் தமிழ் திரும்பிய ஒரு நாள். படியோரம் ஒரு கிழட்டுப் பெண் குரங்கு, பாதி முடி உதிர்ந்து, கண்ணை மூடிக்கொண்டு உட்கார்ந்திருந்தது. இன்னொன்று அதன் முதுகில் பேன் பார்த்துக்கொண்டிருந்தது. நீ வெகுநேரம் பார்த்தாய். திடீரென்று வகுப்பில் பேசும் உன் பழைய குரல்.

"அதுக்கும் மறதி வந்திருக்கும். ஆனா யார் பேரையும் ஞாபகம் வெச்சுக்கிற கஷ்டம் அதுக்கு இல்லை."

நீ திரும்பி வந்துவிட்டாய் என்றே நினைத்தேன். அப்போது என் பக்கம் திரும்பி, மரியாதையாகக் கேட்டாய்: "நீங்க யார்கூட வந்தீங்க?"

"உங்ககூடத்தான்" என்றேன். உனக்கு நான் முதன்முதலாகப் பன்மை போட்டது அன்றுதான்.

நீ போவதற்குச் சில வாரங்கள் முன்பு, மத்தியானம் உனக்கு ரசம் சாதம் ஊட்டிக்கொண்டிருந்தேன். பாதியில் வாயை மூடிக்கொண்டு வாசலைப் பார்த்தாய்.

"எங்க வீட்டுக்காரர் எங்கே?"

"ஷிஃப்டுக்குப் போயிருக்காரு. வந்துடுவாரு."

கொஞ்ச நேரம் யோசித்தாய். பிறகு என் கையிலிருந்த தட்டை மெல்ல என் பக்கமே தள்ளினாய். "அவருக்குக் கொஞ்சம் எடுத்து வெச்சிடுங்க. களைச்சுப்போய் வருவாரு. கேட்டு வாங்கிச் சாப்பிடத் தெரியாது அவருக்கு."

என் முகம் போயிருந்தது, பெயர் போயிருந்தது. நான் களைத்து வருவேன் என்பது மட்டும் போகவில்லை. சுருங்கிப்போன அந்த மூளையில் அது எந்த மூலையில் தங்கியிருந்தது என்று எந்த டாக்டரிடமும் நான் கேட்டதில்லை.

நீ போன பிறகு, நல்லா ஓய்வெடுங்க என்று எல்லோரும் சொல்கிறார்கள். படுத்தாலும் இந்த அலுப்பு தீரவில்லை. பல நாள் அடுப்புப் பற்றவைக்கவே தோன்றாது. ஆனாலும் மத்தியானமானால் எழுந்துபோய் ஒரு பிடி அரிசி களைந்து வைத்துவிடுகிறேன். சோறு ஆனதும் தட்டில் போட்டு, உன் வீட்டுக்காரரைக் கூப்பிட்டு உட்காரவைக்கிறேன். அவர் கேட்டு வாங்கிச் சாப்பிட மாட்டார் என்று நீ சொல்லியிருக்கிறாயே.